சினிமாச் சந்திரன்

ராக்கெட் விடுகிறவர்கள் பத்து, ஒன்பது, எட்டு என்று எண்களைத் தலைகீழாகச் சொல்லிக்கொண்டே வந்து, பூஜ்யத்தில் நெருப்பு வைக்கிறார்களே, அந்த வழக்கம் எங்கே பிறந்தது தெரியுமா? பெரும்பாலோர் அமெரிக்காவில் என்பார்கள். சிலர் ருஷ்யாவில் என்பார்கள். அது பிறந்த இடம் ஜெர்மனியில் ஒரு சினிமா ஸ்டூடியோ. 1929ஆம் வருஷம் பிரிட்ஸ் லாங் என்ற டைரக்டர் 'சந்திரனில் ஒரு பெண்' என்று ஒரு படம் எடுத்தார். ராக்கெட் கிளம்பும் கட்டம் வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டு போனால் எந்த எண்ணில் கிளம்பும் என்று பார்க்கிறவனுக்குத் தெரியாது. தலைகீழாக எண்ணினால் பூஜ்யத்தில் கிளம்பித்தான் ஆகவேண்டும். ஒவ்வோர் எண்ணுக்கும் நெஞ்சு படபடக்கும். இந்த யுக்தி தமக்குத் தோன்றிய விதத்தை லாங்கே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். கொட்டகையில் ஜனங்களைப் பதற வைப்பதற்காகச் செய்த காரியம் நிஜ ராக்கெட்டுக்கு அருகிலும் போய் நின்றுவிட்டது.

சினிமாவுக்கு விஞ்ஞானம் பட்ட கடனை முதலிலேயே சொல்லிவிட்டேன். ஏனென்றால் இனிமேல் சொல்லப் போவதில் சினிமாவின் பேரில் குறை கூறும் பாகமும் உண்டு.

சினிமாக்காரர்கள் பௌதிக சாஸ்திரத்தைக் கொலை செய்கிறார்கள், அதைப் பார்த்துப் பாமர ஜனங்கள் கெட்டுப்போகிறார்கள் என்று பேராசிரியர்கள் அடிக்கடி முறையிடுகிறார்கள். நான் கதை எழுதிப் பிழைக்கிறவன். பொய் சொல்லிப் பிழைக்கிறவன் என்றாலும் எனக்கு வருத்தமில்லை. ஆகையால் இந்த முறையீட்டை என்னால் அப்படியே ஒப்புக்கொள்ள முடிவதில்லை. புராணப் படத்தில் அனுமார் கடல் தாண்டுவதைப் பார்த்துவிட்டு யாரும் ராமேசுவரத்துக் கரையிலிருந்து இலங்கைக்குத் தாவிப் பார்த்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. கதாநாயகன் ஒரு குத்து விட்டதும் எதிராளி பத்து கஜம் பறந்து போய்ச் சுவரை உடைத்துக்கொண்டு விழுகிறான். பார்க்கிறவன் கை தட்டுகிறானே தவிர நம்புவதில்லை. கொட்டகைக்குள் இருக்கும் வரையில் அது கொட்டகை நியாயம். வெளியே வந்தால் வீட்டு நியாயம். நம் ஜனங்களுக்கு இந்த விவேகம் தாராளமாக உண்டு.

கெடுதல் வேறோர் இடத்தில் இருக்கிறது. பொய்யை நம்புவதனால் வருகிற கெடுதல் அல்ல அது. நிஜம் எதிரே வந்து நிற்கும்போது அதைப் பொய் என்று சந்தேகிப்பதனால் வருவது. சந்திரனுக்குப் போவதாக எடுத்த படங்களின் சரித்திரத்தைப் பார்த்தால் இது புலப்படும்.

சினிமா பிறப்பதற்கு முன்பே ஜூல்ஸ் வெர்ன் என்ற பிரெஞ்சு நாவலாசிரியர் 1865ஆம் வருஷத்தில் மூன்று பேரைச் சந்திரனுக்கு அனுப்பினார். பூமிக்குள் 900 அடி நீளத்துக்கு ஒரு பீரங்கியை நட்டு, அதற்குள் குண்டை வைத்து, குண்டுக்குள் மனிதர்களை வைத்துச் சுட்டார். வெர்ன் சாமானிய ஆசாமி அல்ல. பூமியை விட்டுத் தப்பிப் போக விநாடிக்குச் சுமார் 11 கிலோமீட்டர் வேகம் வேண்டும் என்ற கணக்கெல்லாம் அவருக்கு அத்துபடி. ஆனால் 900 அடிக்குள் அந்த வேகத்தை எட்ட வேண்டுமானால் உள்ளே இருக்கிற மனிதனின் உடம்பு தன் எடையைப்போல் 22,000 மடங்கு கனத்துப் போகும். 60 கிலோ ஆசாமி 1,300 டன் ஆகிவிடுவான். வெர்ன் அவர்களுக்குக் கீழே தண்ணீர் மெத்தை போட்டுக் காப்பாற்றிவிட்டார். நாவலாசிரியர்களுக்கு இந்தச் சௌகரியம் எப்போதும் உண்டு.

அவருடைய இரண்டாவது பிழைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. குண்டுக்குள் ஒரு நாய் செத்துப் போகிறது. அதை வெளியே தள்ளுகிறார்கள். அது எங்கேயும் போய்விடாமல், குண்டோடு கூடவே, பக்கத்திலேயே மிதந்து வருகிறது. பிரமாதம்! நியூட்டன் படித்தால் தட்டிக்கொடுத்திருப்பார். இரண்டும் ஒரே விதமாக விழுந்துகொண்டிருக்கின்றன. ஒன்றை விட்டு ஒன்று விலகக் காரணமில்லை. ஆனால் நாய் மிதந்தால் நாய்க்குச் சொந்தக்காரர்களும் உள்ளே மிதக்க வேண்டுமே? அவர்கள் தரையில் கால் ஊன்றி நடந்து, உட்கார்ந்து, சாப்பிட்டு, ஒயின் அருந்துகிறார்கள். பூமியின் ஆகர்ஷண சக்தியும் சந்திரனுடைய ஆகர்ஷண சக்தியும் சமமாகிற ஒரே ஓர் இடத்தில் மட்டும் கொஞ்ச நேரம் மிதக்கிறார்கள். வெளியே இருந்த நாயிடம் நியூட்டனைக் கண்ட வெர்ன் உள்ளே இருந்த மனிதரிடம் காணவில்லை. இந்தப் பிழைக்குப் பின்னால் திரும்பி வருகிறேன். அது இன்னும் உயிரோடு இருக்கிறது.

1902ஆம் வருஷத்தில் ஜார்ஜ் மெலியே என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர் சந்திரப் பிரயாணத்தைச் சுமார் கால் மணி நேரப் படமாக எடுத்தார். அவர் தொழில்முறையில் மந்திரவாதி. மேடையில் கண்கட்டு வித்தை காட்டியவர். பீரங்கிக் குண்டு பறந்து போய்ச் சந்திரனுடைய வலது கண்ணில் பொத்தென்று செருகிக்கொள்ளும் காட்சியை இன்றும் எல்லாரும் அறிவார்கள். சந்திரனில் இறங்கிய பண்டிதர்கள் கோட்டும் குடையுமாக உலாவுகிறார்கள், தூங்குகிறார்கள், பனி பெய்கிறது. இதெல்லாம் வேடிக்கை என்று எடுத்தவருக்கும் தெரியும், பார்த்தவர்களுக்கும் தெரியும்.

ஆனால் அவர்கள் திரும்பி வருகிற கட்டத்தைக் கவனியுங்கள். குண்டு சந்திரனில் ஒரு மலை விளிம்பில் நிற்கிறது. தலைவர் கயிற்றைப் பிடித்துத் தொங்கி அதை விளிம்பிலிருந்து கவிழ்க்கிறார். அவ்வளவுதான், குண்டு 'கீழே' விழுகிறது. விழுந்து விழுந்து பூமியின் கடலில் வந்து முழுகுகிறது. சந்திரன் மேலே இருக்கிறது, பூமி கீழே இருக்கிறது, மேலிருப்பது விளிம்பைத் தாண்டினால் கீழே விழும். இதில் மெலியே வேடிக்கை செய்யவில்லை. பார்க்கிறவனுடைய மனத்தில் ஏற்கெனவே இருக்கிற பௌதிகத்தை எடுத்துத் திரையில் போட்டார். ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை. குழந்தைகள் இன்று பார்த்தாலும் ஆட்சேபிக்க மாட்டார்கள்.

நம் எல்லாரிடமும் இரண்டு பௌதிகம் இருக்கின்றன. ஒன்று பள்ளிக்கூடத்தில் படித்தது. இன்னொன்று தொட்டிலில் கிடந்த நாள் முதல் கையும் காலும் சேர்ந்து கற்றுக்கொண்டது. தள்ளினால் நகரும், தள்ளுவதை விட்டால் நின்றுவிடும். கனமானது சீக்கிரம் விழும், லேசானது மெதுவாக விழும். உடைந்தால் சத்தம் கேட்கும். இந்தப் பூமியில், இந்தக் காற்றில், இந்தத் தரையில் அது நமக்குப் போதுமானதாகவும் இருக்கிறது. அரிஸ்டாட்டிலுக்கும் ஏறக்குறைய அதுதான் போதுமானதாக இருந்தது. 1980ஆம் வருஷத்தில் மைக்கேல் மெக்ளாஸ்கியும் அவர் கூட்டாளிகளும் அமெரிக்காவில் கல்லூரி மாணவர்களிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். வளைந்த குழாய்க்குள் ஒரு குண்டை உருட்டிவிட்டால் வெளியே வந்தபின் எப்படிப் போகும்? நேராகப் போகும் என்பது நியூட்டன். குழாயில் வளைந்த பழக்கத்தில் வெளியிலும் வளைந்தே போகும் என்று பலர் படம் போட்டுக் கொடுத்தார்கள். அவர்களில் பௌதிகப் பாடம் படித்தவர்களும் இருந்தார்கள். பரீட்சை எழுதும்போது பள்ளிக்கூடப் பௌதிகம் வருகிறது. மற்ற வேளைகளில் தொட்டில் பௌதிகம்தான் ஆட்சி செய்கிறது.

படித்தவர்கள் இதற்கு விலக்கு என்று நினைக்க வேண்டாம். ராபர்ட் காடர்ட் என்ற அமெரிக்கப் பேராசிரியர் ராக்கெட்டை வெகு உயரத்துக்கு அனுப்பலாம், சந்திரன் வரையில் கூட அனுப்பலாம் என்று எழுதினார். 1920ஆம் வருஷம் ஜனவரி மாதம் 13ஆம் தேதி 'நியூயார்க் டைம்ஸ்' பத்திரிகை அவரைக் கேலி செய்து தலையங்கப் பக்கத்தில் எழுதியது. காற்றே இல்லாத இடத்தில் ராக்கெட் எதைத் தள்ளிக்கொண்டு முன்னே போகும், பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரிந்தது கூட இந்தப் பேராசிரியருக்குத் தெரியவில்லையே என்பது கேலியின் சாரம். அந்தப் பத்திரிகாசிரியர் எந்தச் சினிமாவைப் பார்த்தும் கெட்டுப்போனவர் அல்ல. துடுப்புப் போடுகிறவன் தண்ணீரைத் தள்ளுகிறான், பறவை காற்றைத் தள்ளுகிறது, ஆகவே ராக்கெட்டும் எதையாவது தள்ள வேண்டும் என்று அவருடைய கையும் காலும் அவருக்குச் சொல்லிவிட்டன.

பரிசலிலிருந்து கரைக்குத் தாவிக் குதித்தவர்களுக்கு உண்மை தெரியும். நாம் முன்னே போகிறோம், பரிசல் பின்னே போகிறது. பரிசல் காற்றைத் தள்ளியா பின்னே போயிற்று? நாம் அதைத் தள்ளினோம். ராக்கெட் தன் வயிற்றிலிருக்கும் புகையைப் பின்னால் தள்ளுகிறது. புகை அதை முன்னால் தள்ளுகிறது. நடுவில் காற்றுக்கு வேலையில்லை, இருந்தால் இடைஞ்சல்தான். காடர்ட் காற்றை அகற்றிய குழாயில் பரீட்சித்து, அதற்குள் உந்தல் கூடுகிறதே தவிரக் குறையவில்லை என்று கண்டிருந்தார். பத்திரிகை தன் பிழையை ஒப்புக்கொண்டு திருத்தம் போட்டது, 1969ஆம் வருஷம் ஜூலை 17ஆம் தேதி. அதற்கு முதல் நாள்தான் அப்போலோ 11 கிளம்பியிருந்தது. காடர்ட் காலமாகி 24 வருஷம் ஆகிவிட்டது.

இப்போது லாங்கின் படத்துக்கு வருவோம். அந்தப் படத்துக்கு விஞ்ஞான ஆலோசகர் ஹெர்மன் ஓபெர்த். ராக்கெட் சாஸ்திரத்தின் பிதாக்களில் ஒருவர். படம் வெளியாகும் நாளில் ஒரு நிஜ ராக்கெட்டையும் விட்டு ஊரை அசத்திவிடுவது என்று திட்டம் போட்டார்கள், அது பலிக்கவில்லை. ஆனால் படத்தின் முற்பாதியைப் பார்த்தால் 40 வருஷத்துக்குப் பின்னால் நடக்கப் போவதைப் படம் பிடித்தாற்போல் இருக்கும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய ராக்கெட். எரிந்து முடிந்த அடுக்குக் கழன்று விழுகிறது. புறப்படும்போது அழுத்தம் தாங்குவதற்காகப் பிரயாணிகள் படுத்திருக்கிறார்கள். மிதக்கும் கட்டத்துக்காகச் சுவரிலும் தரையிலும் பட்டைகள் வைத்திருக்கிறார்கள். ஓபெர்த் தம் சம்பளத்துக்கு நியாயம் செய்திருக்கிறார்.

சந்திரனில் இறங்கிய பிறகு ஓபெர்த் எங்கே போனாரோ தெரியவில்லை. சந்திரனுடைய மறுபக்கத்தில் காற்று இருக்கிறது, மூச்சு விடுகிறார்கள். ஒரு கிழப் பேராசிரியர் கையில் கவட்டைக் குச்சியை வைத்துக்கொண்டு நம் ஊரில் நீரோட்டம் பார்ப்பது போல் பார்த்துக்கொண்டே போகிறார். குகையில் தங்கம் கிடைக்கிறது. மறுபக்கத்தில் காற்று இருக்கலாம் என்று 19ஆம் நூற்றாண்டில் ஹான்சென் என்ற வானசாஸ்திரி சொன்னதுண்டு. 1929ஆம் வருஷத்தில் அதை யாரும் பொருட்படுத்தவில்லை. பின் ஏன் காற்றை வைத்தார்கள்? என் ஊகம் இது: அது ஊமைப் படம். முகத்தை மூடி இரும்புத் தொப்பி போட்டுவிட்டால் கதாநாயகி காதலிப்பது எப்படித் தெரியும்? முகம் வேண்டுமென்றால் காற்று வேண்டும். கதைக்காரனாகிய எனக்கு லாங்கின் சங்கடம் புரிகிறது.

இந்தப் படத்துக்குக் கசப்பான ஒரு பின்கதையும் இருக்கிறது. ஹிட்லர் ஆட்சியில் ராக்கெட் ராணுவ ரகசியமாயிற்று. படத்தில் காட்டியது நிஜத்துக்கு ரொம்பச் சமீபத்தில் இருந்தபடியால் படத்தை முடக்கி வைத்தார்கள். 1942ஆம் வருஷம் அக்டோபர் 3ஆம் தேதி பீனமுண்டேயிலிருந்து வி-2 ராக்கெட் முதல் தடவையாக வெற்றியோடு கிளம்பியபோது, அதன் அடியில் பிறைச் சந்திரனில் ஒரு பெண் உட்கார்ந்திருப்பதாகச் சித்திரம் எழுதியிருந்தது. லாங்கின் படத்தின் பெயரைத்தான் அப்படி எழுதினார்கள். இரண்டு வருஷத்தில் அந்த ராக்கெட்டுகள் லண்டன் வீடுகளின்மேல் விழுந்தன. அவற்றைச் செய்வதற்காகச் சுரங்கத்தில் அடைத்து வேலை வாங்கிய கைதிகள் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். சினிமா சொன்ன பொய்களால் நேர்ந்த கெடுதலைப் பற்றி எழுத உட்கார்ந்தவன், அது சொன்ன நிஜம் எங்கே போய்ச் சேர்ந்தது என்பதையும் எழுதித்தான் ஆகவேண்டும்.

சண்டை முடிந்து 1950ஆம் வருஷத்தில் ஹாலிவுட்டில் 'சந்திரனே இலக்கு' என்ற பொருளில் ஒரு படம் வந்தது. ஜார்ஜ் பால் தயாரித்தது. ராபர்ட் ஹைன்லைன் என்ற கதாசிரியர் கூட இருந்து எழுதியது. காடர்டைக் கேலி செய்த அதே கேள்வியை அந்தப் படம் நேருக்கு நேர் எடுத்துக்கொண்டது. கதையில் ராக்கெட்டுக்குப் பணம் போட வேண்டிய முதலாளிகளுக்கு ஒரு சின்னக் கார்ட்டூன் காட்டுகிறார்கள். அதில் மரங்கொத்தி ஒன்று வருகிறது. அதன் கையில் துப்பாக்கியைக் கொடுக்கிறார்கள். சுடுகிறது, குண்டு ஒரு பக்கம் போகிறது, மரங்கொத்தி மறு பக்கம் போய் விழுகிறது. இதுதான் ராக்கெட் என்கிறார்கள். முதலாளிகளுக்குப் புரிந்துவிடுகிறது, கொட்டகையில் இருந்தவர்களுக்கும் புரிந்திருக்கும். பெரிய பத்திரிகையின் ஆசிரியருக்குப் புரியாமல் போன விஷயத்தை ஒரு மரங்கொத்தி சில விநாடிகளில் சொல்லிவிட்டது. சினிமா நினைத்தால் இதைச் செய்ய முடியும். நினைப்பதுதான் அபூர்வம்.

அதே படத்தில் சந்திரனுடைய தரை கோடைகாலத்து ஏரி மாதிரி பாளம் பாளமாக வெடித்திருக்கும். சந்திரக் காட்சிகளை வரைந்த ஓவியர் செஸ்லி போன்ஸ்டெல்லுக்கு இது பிடிக்கவில்லை. ஈரம் காய்ந்தால்தானே மண் வெடிக்கும்? சந்திரனில் ஏரி ஏது? ஆனால் ஸ்டூடியோவின் தரை சிறியது. முன்னால் பெரிய பாளம், பின்னால் போகப் போகச் சின்னப் பாளம் என்று வைத்தால் வெகு தூரம் இருப்பது போல் கண்ணை ஏமாற்றலாம். ஆகையால் வெடிப்பு ஜயித்தது. அந்தப் படத்துக்குத் தந்திரக் காட்சிகளுக்கான ஆஸ்கார் பரிசும் கிடைத்தது.

நம் தமிழ்ப் படமும் ஆகாயத்துக்குப் போகாமல் இல்லை. 1963ஆம் வருஷத்தில் எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்த 'கலை அரசி' வந்தது. வேறொரு கிரகத்தில் விஞ்ஞானம் முற்றிப்போய்ச் சங்கீதம் இல்லாமல் திண்டாடுகிறார்கள். பூமியிலிருந்து ஒரு பாடகியைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். அந்தப் படத்தின் பௌதிகத்தை நான் விசாரிக்கப் போவதில்லை. கிரகம் விட்டுக் கிரகம் போகிறவனுக்கும் முதல் தேவை பாட்டுத்தான் என்று நினைத்த மனசை விசாரிக்க எனக்கு மனம் வராது. அதே வருஷம் நவம்பர் 21ஆம் தேதி, கேரளக் கடற்கரையில் தும்பாவிலிருந்து இந்தியாவின் முதல் ஆராய்ச்சி ராக்கெட் கிளம்பியது.

சத்தத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊமைப் படக் காலத்தில் இந்தத் தொல்லையே கிடையாது. ஆகாயத்தில் நிஜமாக இருக்கிற நிசப்தம் திரையிலும் இருந்தது. பேசும் படம் வந்த பிறகுதான் சூனிய வெளியில் ராக்கெட்டுகள் உறுமத் தொடங்கின. 1968ஆம் வருஷத்தில் குப்ரிக் எடுத்த '2001' படத்தில் அந்த உறுமலை நிறுத்தினார். ஒரு வீரன் கப்பலுக்கு வெளியே தத்தளிக்கிறான்; ஒரு சத்தமும் இல்லை. இதைவிடப் பயங்கரமான காட்சியைச் சினிமாவில் நான் பார்த்ததில்லை. ஒன்பது வருஷத்துக்குள், 1977ஆம் வருஷத்தில், 'ஸ்டார் வார்ஸ்' வந்து நிசப்தத்தை விரட்டியது. அதன் ஆகாயச் சண்டைகளை அமைப்பதற்கு ஜார்ஜ் லூகாஸ் இரண்டாம் உலக யுத்தத்து விமானச் சண்டைப் படச் சுருள்களை மாதிரியாக வைத்துக்கொண்டார். ஆகவே அவருடைய ஆகாயக் கப்பல்கள் காற்றில் திரும்பும் விமானம் போல் ஒரு பக்கம் சாய்ந்து திரும்புகின்றன. வீல் என்று கத்துகின்றன. வெடித்தால் காது அடைக்கிறது. ஜனங்கள் குப்ரிக்கை மெச்சினார்கள், லூகாஸை நேசித்தார்கள். ஏன் என்று கேட்டால், லூகாஸின் ஆகாயம் நம் கையும் காலும் அறிந்த ஆகாயம். அதில் காற்று இருக்கிறது.

இனி, வெர்னிடம் பாக்கி வைத்த விஷயம். விண்வெளி நிலையத்தில் மனிதர்கள் மிதப்பதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். ஏன் மிதக்கிறார்கள்? இந்தக் கேள்வியை நான் பள்ளிக்கூடங்களில் கேட்டிருக்கிறேன். கல்யாண வீடுகளில் பந்திக்குக் காத்திருக்கும்போது கேட்டிருக்கிறேன். எல்லாரும் ஒரே பதிலைச் சொல்கிறார்கள்: அங்கே ஈர்ப்பு இல்லை. பூமிக்கு மேல் 400 கிலோமீட்டரில் ஒரு கோபுரம் கட்டி அதன் உச்சியில் தராசு வைத்து நிறுத்தால், இங்கே 60 கிலோ இருக்கிறவர் அங்கே 53 கிலோ இருப்பார். மூன்றாம் மாதக் காய்ச்சலில் இளைத்தவர் மாதிரி! ஈர்ப்பு அவ்வளவும் அப்படியே இருக்கிறது. அவர்கள் மிதப்பதற்குக் காரணம், விழுந்துகொண்டே இருப்பது. ஒரு விநாடியில் நிலையம் நாலே கால் மீட்டர் பூமியை நோக்கி விழுகிறது. அதே விநாடியில் ஏழரைக் கிலோமீட்டருக்கு மேல் பக்கவாட்டில் போய்விடுகிறது. அவ்வளவு தூரத்தில் உருண்டையான பூமியும் அதே நாலே கால் மீட்டர் வளைந்து இறங்கிவிடுகிறது. எனவே எவ்வளவு விழுந்தாலும் தரை வருவதில்லை. கப்பலும் விழுகிறது, மனிதனும் விழுகிறான். வெர்னுடைய நாயும் குண்டும் மாதிரி.

1995ஆம் வருஷத்தில் 'அப்போலோ 13' என்று ஒரு படம் எடுத்தார்கள். அதில் மிதக்கும் காட்சிகளுக்குக் கம்பி கட்டவில்லை. நடிகர்களையும் காமிராவையும் ஒரு பெரிய விமானத்தில் ஏற்றி, மேலே கொண்டுபோய், எறிந்த கல்லைப் போல் விமானத்தையே வளைவாக விழவிட்டார்கள். விழுகிற 25 விநாடி அளவுக்கு எல்லாரும் மிதந்தார்கள்; பிறகு விமானி மூக்கை நிமிர்த்துவார்; மறுபடியும் ஏறுவார். இப்படி நூற்றுக்கணக்கான தடவை. பூமியின் ஆகர்ஷணத்துக்குள்ளேயே, பூமிக்கு வெகு சமீபத்தில், விழுவதுதான் மிதப்பது என்பதை அந்த நடிகர்களின் வயிறு நன்றாக அறிந்துகொண்டிருக்கும். சினிமாவில் காட்டிய மிதத்தல்களில் அதைவிட நிஜமானது இல்லை. படத்தைப் பார்த்தவர்கள் வெளியே வந்து, "பார்த்தாயா, மேலே போனால் ஈர்ப்பே கிடையாது" என்றார்கள். படத்தில் தப்பில்லை. விமானம் விழுந்ததைத் திரையில் காட்டவில்லை, அவ்வளவுதான்.

இத்தனை காலமும் இத்தனை படங்களும் சேர்ந்து நம் கண்ணுக்கு ஒரு சந்திரனைத் தயார் செய்து வைத்திருந்தன. கூர்மையான மலைகள், வானம் நிறைய நட்சத்திரங்கள், கணீரென்ற சத்தம். 1969ஆம் வருஷம் ஜூலை 20ஆம் தேதி நிஜச் சந்திரன் வந்தது. மலைகள் மொண்ணையாக, சாம்பல் மேடாக இருந்தன. வானம் தார் பூசினாற்போல் இருந்தது. ஒரு நட்சத்திரம் இல்லை. மனிதர்கள் மாடு துள்ளுகிற மாதிரி வினோதமாக நடந்தார்கள். சினிமாச் சந்திரனோடு ஒப்பிட்டால் நிஜச் சந்திரன் மட்டமான செட்டாகத்தான் தோன்றியது. 1976ஆம் வருஷத்தில் பில் கேசிங் என்பவர், சந்திரனுக்கு யாரும் போகவே இல்லை என்று தாமே ஒரு புத்தகம் அச்சிட்டார். 1978ஆம் வருஷத்தில், செவ்வாய்க் கிரகத்துக்குப் போனதாக ஸ்டூடியோவில் படம் எடுத்து ஊரை ஏமாற்றுகிற கதையை ஹாலிவுட்டே 'காப்ரிகார்ன் ஒன்' என்று படமாக எடுத்தது. சந்தேகத்துக்கு உருவம் கிடைத்துவிட்டது.

என் தெருவில் ஓய்வுபெற்ற கணக்கர் ஒருவர் இருக்கிறார். சினிமா ரசிகர், கணக்கில் சூரர், கடவுள் விஷயத்தில் கூட ஆதாரம் கேட்கிறவர். மாலையில் உலாவப் போகும்போது ஒரு நாள் சொன்னார்: "மனுஷன் சந்திரனுக்குப் போனதெல்லாம் சுத்த ஹம்பக், சார்."

"எதனால் சொல்கிறீர்கள்?"

"கொடி ஆடுகிறதே, சார்! காற்றே இல்லாத இடத்தில் கொடி ஏன் ஆட வேண்டும்? வானத்தில் ஒரு நட்சத்திரம் இருக்கிறதா? நம் ஊர்ப் படத்தில் கூட நாலு நட்சத்திரம் தொங்கவிடுவானே! நடக்கிற நடையைப் பாருங்கள். படத்தை மெதுவாக ஓட்டியிருக்கிறான்."

நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். கொடியின் மேல் விளிம்பில் குறுக்குக் கம்பி இருக்கிறது. கம்பத்தை முறுக்கி நட்டபோது துணி ஆடியது. ஆட்டத்தை அடக்கக் காற்று இல்லாதபடியால் இங்கே ஆடுவதைவிட அதிக நேரம் ஆடியது. அங்கே அப்போது பட்டப் பகல். வெயிலில் வெளேரென்றிருக்கும் மனிதனையும் தரையையும் படம் பிடிக்க வைத்த காமிராவில் மங்கலான நட்சத்திரம் விழாது. நடைக்குப் பதில் புழுதியில் இருக்கிறது. 1972ஆம் வருஷம் அப்போலோ 16இல் போனவர்கள் அங்கே வண்டி ஓட்டிய படத்தைப் பாருங்கள் என்றேன். நம் ஊர் மண் ரோட்டில் வண்டி போனால் புழுதி மேகமாகக் கிளம்பி, வெகு நேரம் தொங்கும். மெதுவாக ஓட்டினாலும் வேகமாக ஓட்டினாலும் மேகம் மேகந்தான். அங்கே சக்கரம் வாரியடித்த புழுதி ஒவ்வொரு துகளும் வில் வளைந்தாற்போல் எழுந்து, பளிச்சென்று தரையில் விழுந்துவிடுகிறது. தொங்குவதற்குக் காற்று வேண்டும். அதை ஸ்டூடியோவில் எடுக்க வேண்டுமானால் ஸ்டூடியோவிலுள்ள காற்று முழுவதையும் உறிஞ்சி எடுத்திருக்க வேண்டும்.

அவர் சற்றும் தயங்கவில்லை. "உறிஞ்சியிருப்பான், சார். கோடி கோடியாகக் கொட்டுகிறவனுக்கு அது ஒரு பெரிய காரியமா?"

மனிதன் சந்திரனுக்குப் போக முடியும் என்பதைவிடச் சினிமாக்காரனால் எதுவும் முடியும் என்பதில் அவருக்கு உறுதி அதிகம். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். வாழ்நாள் முழுவதும் அவருக்குச் சாட்சி சொன்னது திரைதான். வழக்கையே அதே சாட்சியின் பேரில் மறுபடியும் நடத்த வேண்டியிருக்கிறது.

மறுநாள் அவரை வீட்டுக்கு அழைத்து இன்னொரு படத்தைப் போட்டுக் காட்டினேன். 1971ஆம் வருஷம் ஆகஸ்டு 2ஆம் தேதி அப்போலோ 15இல் போன டேவிட் ஸ்காட் காமிராவுக்கு முன்னால் நிற்கிறார். ஒரு கையில் சுத்தியல். ஒரு கிலோ 320 கிராம். இன்னொரு கையில் ஓர் இறகு, 30 கிராம். இரண்டையும் ஒரே சமயத்தில் விடுகிறார். காற்று இல்லாவிட்டால் இரண்டும் சேர்ந்தே விழும் என்று கலிலியோ சொல்லி முந்நூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஒன்றரை விநாடிக்குள் காட்சி முடிந்துவிடுகிறது. பின்னணிச் சங்கீதம் இல்லை, படமும் தெளிவில்லை.

கணக்கர் பார்த்தார். மறுபடியும் போடச் சொன்னார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மூன்றாம் தடவையும் பார்த்தார்.

"இறகு எந்தப் பட்சியுடையது, சார்?" என்று கேட்டார்.

"வல்லூறு" என்றேன். "அவர்கள் இறங்கிய கலத்துக்கும் அதே பெயர்."

"இன்னொரு தடவை போடுங்கள்" என்றார்.